பச்சைப் பட்டை

ஒகி காற்றில் போன ரப்பர் நூற்றுப் பதினேழு.
வேரோடு சாயவில்லை, இடுப்பொடிந்து நின்றன.
மூன்று நாள் பால் ஒழுகிற்று,
ஏந்த வேண்டிய சிரட்டைகள்
ஓடையோடு களியல் வரை போயிருந்தன.
விறகுக்காரன் டன் கணக்கில் விலை சொன்னான்.
வெட்டுக்கூலி கழித்துப் பார்த்தால்
பிரைட்சிங்குக்கு ஒரு பருவத்துப் பள்ளிக்கட்டணம்.

மறுபடி ரப்பர் என்றால் ஏழு வருடம் வாய்பார்க்க வேண்டும்.
காப்பி என்றேன்.
பத்துகாணி முக்கில் சிரித்தார்கள்,
லில்லிபாய் வயநாட்டுக்குக் குடிபோகிறாளாம்.
பலாவை வெட்டவில்லை.
அயனியில் நல்லமிளகு ஏற்றினேன்.
வெயில் விழும் இடத்தில் மரச்சீனி.
நிழலில் இருநூற்றுப் பன்னிரண்டு காப்பி.
ஒன்று கைவிட்டால் ஒன்று கஞ்சி ஊற்றும்,
எல்லாம் கைவிட்ட வருடமும் உண்டு,
அதை இங்கே எழுதவில்லை.

இந்த மாசியில் பூமழை இல்லை.
மொட்டுகள் குருவி நாக்குபோல் கணுக்களில் நீட்டிக்கொண்டு
வானத்தைப் பார்த்தபடி.
ஒரே ஒரு நல்ல நனைப்பு போதும் காப்பிக்கு,
அது இல்லையென்றால் வருடமே இல்லை.
ஐந்து வீட்டுக்கு ஒரு மோட்டார்,
ஓடையில் ஒரு குழி.
சீட்டுக் குலுக்கினோம்.
எனக்கு நாலாம் ராத்திரி,
கடைசி, கீழ்விளை ரசலையனுக்கு.

நடுச்சாமத்தில் மோட்டார் காற்றை உறிஞ்சிக் கமறியது.
நூற்று அறுபதாவது மூட்டில் நின்றிருந்தேன்.
அணைத்துவிட்டு ஊறவிட்டேன்.
குழி ஊறுவதைக் காதால் அளக்கலாம்,
இரண்டு பேருக்குக் காணாது.
கீழே ஒரு டார்ச் எரிந்து அணைந்தது.
கேட்கமாட்டான். அதுதான் எரிச்சல்.
ஹோஸைச் சுருட்டிக் கீழே உருட்டினேன்.
பெரிய மனசெல்லாம் இல்லை,
தேன்பெட்டி ஐந்தும் அவனிடம்தான்.
ஈ வராமல் இந்தக் காப்பி காய்க்காது.

ஒன்பதாம் நாள் விடியுமுன்னே மணம் எழுப்பியது.
வெள்ளை, வெள்ளை, வெள்ளை,
நூற்று அறுபதில் கத்திவைத்ததுபோல் நின்றது.
அப்புறம் ஒரு பட்டை வெறும் பச்சை.
அதற்குக் கீழே
ரசலையன் விளையில் மறுபடி வெள்ளை.
சான்றிதழுக்குப் படிவம் நிரப்ப வந்த பையன்
கைபேசியில் படமெடுத்துக்கொண்டே கேட்டான்,
இது என்ன நோய் அக்கா?
ஐம்பத்திரண்டு என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டான்.

பங்குனிக் கடைசியில், யாரும் கூப்பிடாமல், மழை.
பட்டை மட்டும் தனியாகப் பூத்தது.
கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தபின்
உடுத்திக்கொண்டு வந்தவள்போல்.
இனி அதற்கென்று தனிப் பறிப்பு, தனிக் கூலி,
களத்தில் தனிக் காய்ச்சல்.
அருமனைக் கடைக்காரன் சாக்கைக் கிளறி விலை குறைப்பான்.
என்றாலும் அன்று ஐந்து பெட்டி ஈயும்
வேறு எங்கும் போகாமல்
அந்த ஐம்பத்திரண்டில் இரைந்துகொண்டிருந்தது.

வேலியோரம் வந்து ரசலையன்,
தேன் எவ்வளவு வேணும் என்றான்.
ஒரு குப்பி என்றேன்.
இரண்டு தந்தான்.
ஒன்று கொஞ்சம் நீர்த்திருந்தது.
ஓடைத் தண்ணீரோ என்று
எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.