கொதிநீர்

புர்க்டோர்ஃப் நகர மண்டபத்துக்குள் நெருப்புக்கு அனுமதியில்லை.
விதியை எண்ணோடு சொன்னார்
தீயணைப்பு அதிகாரி எஷ்பாஹர்.
ஜப்பானியர் ஒன்பது பேரும் தலை குனிந்து கேட்டார்கள்:
தேயிலை பயிரிடுகிறவர், தபால்காரர், பல் வைத்தியர்.
முகமூடிகள் இன்னும் பெட்டிக்குள்.

கொப்பரையில் நீர் கொதிக்காமல்
சாமிகள் எப்படிக் குளிக்க வருவார்கள்?

மண்டபச் சாவி என்னிடம்.
கல்யாணங்களுக்கு நாங்கள் சோறு வடிக்கும்
மின்சார அண்டா கீழறையில் கிடந்தது.
இருநூறு பேருக்குப் போதும்.
சாமிகள் எத்தனை பேர் என்று கேட்டேன்.
குமாகாய் விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் நிறுத்தி
அண்டாவை மூன்று முறை சுற்றி வந்தார்.
சரியாம்.

இரவு பதினொன்றுக்குத்தான் கொதித்தது.
மேலே தொங்கிய வெள்ளைத் தாள்கள் ஆவியில் நடுங்கின.
தபால்காரர் முகமூடிக்குள் போனார்;
வெளியே வந்தது தபால்காரர் இல்லை.
அது வெறுங்கையால் நீரை அள்ளி
நாலு திக்கும் எறிந்தது.
முன்வரிசைப் பிள்ளைகள் கூவினார்கள்.
எஷ்பாஹரின் கண்ணாடி நனைந்தது.
அவர் துடைக்கவில்லை.
தீயணைப்பானைக் காலடியில் வைத்துவிட்டு
அப்படியே இருந்தார்.

விடியுமுன் சாமிகளை வழியனுப்பினார்கள்,
ரயிலுக்கு நேரமானதுபோல, அவசரமாக.
தபால்காரரின் உள்ளங்கை சிவந்திருந்தது.
மருந்து தடவப் போனேன்; சிரித்தார்.

மீந்த நீரைச் சாக்கடையில் ஊற்றாதே என்றார்கள்.
வாளி வாளியாகப்
பின்முற்றத்து லிண்டன் மரத்தடிக்குச் சுமந்தேன்.
பனி குழிந்து கறுத்த மண் தெரிந்தது.

அண்டாவை எத்தனை முறை தேய்த்திருப்பேன்,
அப்படியும் அந்த நீரில் சோற்று வாசம்.
குளித்துப் போனவர்கள்
யாரும் குறை சொல்லவில்லை.