ஏழரை கிராம்

ரிஜெக்ட் ஆகி வந்த பெட்டிகள் நாற்பது.
ராட்டர்டாமிலிருந்து சென்னை,
சென்னையிலிருந்து ஆம்பூர்.
தையல் விட்டுப்போச்சாம்.
முப்பத்தெட்டாம் நம்பர், இடது கால்,
உள்ளட்டையைக் கிளப்பினேன்.
ஒரு காசு.

நடுவில் வெள்ளி, சுற்றிலும் பொன்.
நம்ம பத்து ரூபாய்க் காசென்றே நினைத்தேன்
ஆந்தை என்னை முறைக்கும் வரை.

பசை நிறுக்கும் தராசில் வைத்தாள் ரூபவதி.
"ஏழரை கிராம்.
ஆந்தை, அதுவும் ஏழரை!
தூக்கி வெளியே போடுக்கா."

சூப்பர்வைசர் இம்தியாஸ் வாங்கிப் பார்த்தார்.
"யூரோ. கிரீஸ்ல அடிச்சது."
ஹாலந்துப் பெட்டியில் கிரீஸுக்கு என்ன வேலை?
"இருபது நாட்டுக்கு மேல ஒரே பணம்மா.
பூ எல்லாருக்கும் ஒண்ணு,
தலை அவங்கவங்க தலை.
எங்க அடிச்சாலும் எங்கேயும் செல்லும்."

பெட்டியின் பக்கவாட்டில் விலை ஒட்டியிருந்தது.
ஐந்து காசு குறைய ஐம்பது ஆந்தை.
மேல்தையலுக்கு எனக்கு ஜோடிக்கு ஒன்பது ரூபாய்.
ஓர் ஆந்தை தொண்ணூறு என்று வைத்துக்கொண்டால்
என் பங்கு ஒரு பிடி இறகு.
ரிஜெக்ட் ஆனதில் அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி.
என் டோக்கன் வர மூன்று மணி நேரம்.
காந்தி ரோட்டில், வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய
பணம் மாற்றும் கடையில் நுழைந்தேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன்
காசைத் தொடவே இல்லை.
"நோட்டுன்னா மாத்துவோம். சில்லறை வாங்கறதில்ல."

நோட்டு எப்படியிருக்கும் என்றேன்.
கடையில் கூட்டமில்லை; காட்டினான்.
சிவப்பில் பத்து, நீலத்தில் இருபது,
எல்லாவற்றிலும் ஒரு பாலம்.
"எந்த ஊர்ப் பாலம்?"
"எந்த ஊரும் இல்லக்கா, சும்மா வரைஞ்சது.
ஒரு நாட்டுப் பாலத்தைப் போட்டா
மத்த நாட்டுக்காரன் சண்டைக்கு வருவான்ல."

குனிந்து பார்த்தேன்.
அடியில் எந்த ஆறென்றும் எழுதவில்லை.

இலவச பஸ் வருகிற வழியாயில்லை.
காட்பாடிக்குத் தனியார் பஸ்ஸில் ஏறினேன்,
அங்கிருந்து ஆம்பூருக்கு ரயில்.
பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது
கண்டக்டர் பக்கத்தில் வந்துவிட்டார்.
பைக்குள் விரலுக்குச் சிக்கியது அதுதான்.
பார்க்காமல் நீட்டிவிட்டேன்.

"பத்து ரூபா காயின் வேணாம்மா,
எவனும் வாங்க மாட்டேங்கறான்."

அது பத்து ரூபாய் இல்லை என்று
வாய் வரை வந்தது.
சொன்னால், மீதி எண்பது கொடு என்கிற
பைத்தியம் என்று இறக்கிவிடுவார்.
ஓரம் கிழிந்த நோட்டொன்றை எடுத்தேன்.
அது செல்லிற்று.

ஜன்னலுக்கு வெளியே, நிஜமாக இருக்கிற பாலம்.
கீழே மணலும் போன ஆறு.
சீமைக்கருவேலம், இரண்டு மாடு, ஒரு லாரித் தடம்.
மூன்று மாநிலத்துக்கும் ஒரே ரூபாய்தான்,
தண்ணீர் மட்டும் எந்த எல்லையில்
சில்லறைக்காக நிற்கிறதோ.
அப்படிச் சொல்லி முடித்துவிடவும் முடியவில்லை.
வந்த கொஞ்சத்திலும்
எங்கள் ஊர் தோல் கழுவியது.

திங்கட்கிழமை பெட்டிகள் திரும்பிப் போகின்றன.
முப்பத்தெட்டு, இடது.
உள்ளட்டையை அழுத்தி
பசை காயும் வரை பெருவிரலை எடுக்கவில்லை.
இம்தியாஸ் எடை போட்டார்.
வந்தபோது இருந்த அதே எடை.
"டேப் ஒட்டு" என்றார்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே
ரூபவதி கேட்டாள், "ஏழரை போச்சாக்கா?"
போச்சு என்றேன்,
இடது கையால் சோற்றை அள்ளிக்கொண்டு.