இடது காதின் உரிமம்

கரடிப்போக்குச் சந்தியில்
உரக்கடைக்கு மேலே வாடகை அறை.
பதினொரு கணினி, பதினொன்றிலும் லினக்ஸ்.
ஒன்றுக்கு இடைவெளி விசை இல்லை,
தீப்பெட்டி மட்டையை மடித்துச் செருகியிருக்கிறோம்.

சனிக்கிழமை வகுப்பில் நான் சொல்வது:
திறந்து பார்க்க முடியாத பொருள்
உன்னுடையதல்ல, நீதான் அதனுடையது.
சொல்லி வாய் மூடவில்லை,
மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்து
முதுகிலிருந்த கடித்த பழத்தைக் காட்டியது.
சாருஜன் அதைப் பார்த்தான், பிறகு என்னை.
"ரீச்சர், இது?"
பின்வாங்கில் சிரிப்பை விரல்களுக்குள் மடித்தார்கள்.

நான் தலைமயிரை ஒதுக்கினேன்.
காதின் பின்னால்
கச்சான் கோது அளவில் ஒரு சாம்பல் நிறம்,
தூண்டில் நரம்பு மாதிரி ஒரு வயர்.
அதன் மூலநிரலை நான் கண்டதில்லை.
அது அந்தப் போனோடு மட்டும்தான் பேசும்.
நானே இயங்குதளம் மாற்றி வைத்திருந்த பழைய போனை
ஆளாகவே மதிக்கவில்லை.

வலது காது கணக்கில் இல்லை.
அது மாத்தளனுக்குப் போன வழியில்
பதின்மூன்று வயதில் நின்றுவிட்டது.

ஒப்பந்தத்தை முழுதாக வாசித்தேன், நாற்பத்திரண்டு பக்கம்.
பிரிக்கக் கூடாது, ஆராயக் கூடாது,
மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது.
காது என்ற சொல் எங்கும் இல்லை.
சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினேன்.

அப்பா கண்டிருந்தால் சிரித்திருப்பார்.
தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில்
மோட்டச்சைக்கிள் ஓட்டிய மனிசன்.
ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டிவிட்டு
முறிகண்டி வரைக்கும் புகையோடு போனவர்
எந்தக் கொம்பனியிடம் உத்தரவு கேட்டார்?
என் கொள்கை புத்தகத்தால் வந்ததல்ல,
அந்தப் புகையால் வந்தது.

முயன்றேனடா, சாருஜன். ஒரு வருஷம் முழுக்க.
யாரோ ஒரு புண்ணியவான்
காதுக்கருவியின் வரைபடத்தைப் பொதுவில் விட்டிருந்தான்.
பலகை எடுப்பித்தேன், ஈயம் உருக்கி ஒட்டினேன்.
முடிந்தபோது சப்பாத்துப் பெட்டி அளவில் இருந்தது.
வயரும் பற்றரியும் தொங்க
அதை இடுப்பில் கட்டிக்கொண்டு
சோதனைச் சாவடியில் இறங்கி நடப்பதை
யோசித்துப் பார்.

ஆனால் அதை விட்டது அதற்காக இல்லை.
சந்தைக்குப் போட்டுக்கொண்டு போனேன்.
மீன்காரி, காகம், லொறி, என் செருப்பு,
எல்லாம் ஒரே உயரத்தில் வந்தன.
மகள் "அம்மா" என்றது லொறிக்குள் போய்விட்டது.
ஒன்றும் நடக்கவில்லை. பிறேக் பிடித்தது.
லொறிக்காரன் என்னை ஏசியது மட்டும்
நன்றாகக் கேட்டது.

அடுத்த கிழமை இரண்டு காப்பு விற்றேன்.

இதற்கும் குறை உண்டு.
மழையை இது இரைச்சல் என்று தீர்மானித்திருக்கிறது.
தகரத்தில் விழுவதை வடித்தெடுத்து
வெறும் பேச்சை எனக்குத் தரும்.
மாற்றும் சாவி யாழ்ப்பாணத்தில் ஒருவரின் கணினியில்.
"மழை வேணுமெண்டால் தரலாம் மிஸ்,
பேச்சுக் கொஞ்சம் குறையும்" என்றார்.
பஸ் காசை எண்ணிக்கொண்டே
பேச்சு இருக்கட்டும் என்றேன்.

சாருஜன் ஒன்றும் சொல்லவில்லை.
சமாதானம் ஆனானா தெரியாது, நானே ஆகவில்லை.

வகுப்பு முடிய ஒலிப்பதிவு.
கணினி தமிழ் பேசப் பழக வேண்டும்,
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்.
அதற்குப் பிள்ளைகளின் குரல் சேர்க்கிறோம்.
பூட்டிய காதால் நான்தான் பிழை பிடிப்பது.
"இரணைமடுவில் வான்கதவு திறந்தாச்சு.
புழுதி அடங்கிற்று."
"'ழ' வழுக்குது, திரும்ப" என்றேன்.

அவன் வாய் திறக்கவில்லை.
எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.
"நிப்பாட்டுவமா ரீச்சர்? சத்தம் விழுது."
எனக்கு அவன் கேள்வி மட்டும் கேட்டது,
துல்லியமாக.

"விடு, ஓடட்டும்" என்றேன்.
நாலு நிமிஷம் பதினேழு செக்கன்.
கோப்புக்கு மழை என்று பெயர் வைத்து
எல்லாருக்கும் என்று சேமித்தேன்.