உளுந்து பதினான்கு கிலோ

வாக்கெடுப்பு நாளில் தட்டில் இரண்டு தானியம்.
பழையபடியே கட்டுவோம் என்றால் மொச்சை,
வேண்டாம் என்றால் உளுந்து.
துணி மூடிய பித்தளைச் செம்புக்குள்
ஒன்பது பேர் கைவிட்டோம்.
அன்னை மெக்தில்தா கவிழ்த்தார்:
எட்டு மொச்சை. ஓர் உளுந்து.
யாருடையதென்று யாரும் கேட்கவில்லை.
ஆசீர்வாதப்பர் சபையில்
வாய் திறவாமையும் ஒரு வேலை.

என்னுடையது அது.

கணக்கேடு என் பொறுப்பு.
குலசேகரத்து ரப்பர் மூன்று ஏக்கரை விற்றால்தான் கூரை.
அந்த மரப்பாலில்தான்
விடுதிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கு
இரவுச் சோறு.
தவிர, அதே புயலில்
எங்களுக்குப் போனது ஓடு,
கரைக்குப் போனது ஆள்.
முட்டத்துக்கு மேற்கே, எங்கள் மதிலுக்கு அப்பால்
பதினோரு வீட்டில்
ஆணியில் மாட்டிய சட்டை இன்னும் இறங்கவில்லை.
இப்போது போய் முறுக்குத் தூண் எதற்கு,
சங்குபோல் சுருண்ட முகப்பு எதற்கு,
கன்னம் உப்பிய சம்மனசுகள் எதற்கு?

கிங்ஸ்லின் காண்டிராக்டர் வரைபடத்தோடு வந்திருந்தார்:
தளம் போட்ட பெட்டி, அலுமினிய ஜன்னல், டைல்ஸ்.
“ஆறே மாசம் சிஸ்டர். சாவி உங்க கையில.”
அந்தப் பெட்டியைத்தான்
என் விரல் செம்புக்குள் போட்டது.

தோற்றவள் கணக்கெழுத உட்கார்ந்தாள்.
பனியடிமைக் கொத்தனார் சொல்லச் சொல்ல:
மணக்குடிக் காயல் சிப்பிச் சுண்ணாம்பு,
கடுக்காய், கருப்பட்டி,
உளுந்து ஊறிய கொழகொழத் தண்ணீர்.
“உளுந்தா?”
“அது இல்லாம சாந்து பிடிக்காது சிஸ்டர்.”
அவருக்கு ஒன்றும் தெரியாது.
பதினான்கு கிலோ என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

விடியல் செபம் முடிந்த கையோடு
சுண்ணாம்புத் தொட்டிக்கு.
பாதம் வெடித்தது. சிஸ்டர் வால்புர்கா
தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு அலைந்தாள்.
அப்பம் சுடும் அறையில் சங்கீதம் பாடினோம்,
மாவுப் புகையில் இருமிக்கொண்டே.
ஒரு சம்மனசுக்கு மூக்கு வைத்தார்கள்.
இன்னொன்றுக்கு, என்றோ எவனோ வைத்துவிட்டுப் போன
தோள்வரை தொங்கும் வடித்த காது.
அதை அப்படியே விட்டார்கள்.

சலேத்மேரி சித்தாளாக வந்தாள், அறுநூற்றைம்பது கூலி.
பதினோரு வீட்டில் ஒரு வீடு அவளுடையது.
ஒரு மாதம் பேசவில்லை.
முகப்பு முடிந்து எல்லாரும் அண்ணாந்து நின்றபோது
சட்டியை இறக்கி வைத்தாள்.
“இடது சுருளுக்குக் கண்ணு உண்டே.
அடச்சிட்டீங்களே சிஸ்டர்.”

பழைய புகைப்படங்களில் அங்கே வெறும் நிழல்.
அவள் கடலைக் காட்டினாள்.
“அங்க நின்னு பாத்தா அதுவழியா வானம் தெரியும்.
அதும் வேளிமலையும் ஒட்டி வந்தா
வள்ளத்துக்கு அடியில மீன் பார்.
எங்க வீட்டாளுக்கு அதுதான் கணியம்.”

நான் அருமனைக்காரி, ரப்பர்க் காட்டில் பிறந்தவள்.
மறுநாள் அவள் மைத்துனன் வள்ளத்தில் ஏறி
இரண்டு முறை வாந்தியெடுத்தேன்.
மூன்றாம் முறைக்குத் தலை தூக்கியபோது
தெரிந்தது கோயில்,
தீப்பெட்டி அளவு.
வலது சுருளும் இடது சுருளும் ஒன்றுபோல்,
கண்புரை விழுந்தவர் பார்வைபோல் வெள்ளையாய்.
கிங்ஸ்லினின் பெட்டியை அங்கே வைத்துப் பார்த்தேன்.
கரையோடு கரையாகிவிட்டது.

அன்றைய பதிவு:
கண் திறக்க இரண்டு ஆள், அரை நாள்.
உளி ஒன்று முறிந்தது.
சலேத்மேரி கூலியை இரண்டு தடவை எண்ணிவிட்டுப் போனாள்.
பிள்ளைகளின் சோற்றுக்கு
பலசரக்குக் கடையில் பற்று ஏறுகிறது.
மறுபடி செம்பு வைத்தால்
எதை எடுப்பேனென்று தெரியாது.

கச்சான் காற்றடித்தால் அந்தக் கண் ஊளையிடுகிறது.
மாலைச் செபத்தில் நாலாவது வரியிலேயே
சுருதி போய்விடுகிறது எங்களுக்கு.
அடைக்கலாமா என்று
இதுவரை யாரும் தானியம் எடுத்துவரவில்லை.