நானூற்று எழுபத்தைந்து

எவ்பதோரியாவில் பனி விழுவதில்லை,
ஒழுகுகிறது.
கருங்கடல் காற்றுக்கு நகக்கண் அளவு இடுக்கு போதும்.
நோன்னா ரொமானவ்னா மாவுப்பசை காய்ச்சி
பழைய செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து
ஜன்னலைச் சுற்றிலும் ஒட்டிவிட்டுத்தான்
இரவு வேலைக்குப் போனாள்.

வெள்ளியில் இறங்கிய கலம்
செத்துப்போய் ஒரு மாதம்.
அன்று சத்தம் நின்றதும் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.
நாடாச் சுருள் மட்டும், சொல்ல ஆளில்லாததால்,
ஓடிக்கொண்டே இருந்தது.

அதைத்தான் இப்போது சலிக்கிறாள்.
இரைச்சலுக்கு அடியில்
நூற்றில் ஒரு பங்காக ஒரு முனகல்.
இருபத்து மூன்று நிமிடம்.

விழுந்தவன் ஒருக்களித்துக் கிடந்திருக்கிறான்,
முகம் நம் பக்கம் இல்லை.
கருவிகளை முறைவைத்துக் கேட்க வேண்டிய விசை
ஒன்றிலேயே சிக்கிக்கொண்டது.
காய்ச்சல்காரனிடம்
பேரைக் கேட்டாலும் ஊரைக் கேட்டாலும்
சுடுகிறது என்பானே, அப்படி:
சுடுகிறது. சுடுகிறது. சுடுகிறது.

நானூற்று எழுபத்தைந்து.

"புள்ளியை எங்கோ விட்டிருப்பாய்" என்றான் அர்க்கிப்.
பென்சிலை நாக்கில் தொட்டு
மறுபடி போட்டாள். அதே எண்.
இருபது கூடலாம், இருபது குறையலாம்.
எப்படிப் பார்த்தாலும் ஈயம் கஞ்சியாகும்.

"அப்படியென்றால் புதன்?
அடுப்படியில் குடியிருப்பது அதுதானே?"

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்போம் நாம்;
அவர்களுக்கு அந்தப் பழமொழி இல்லை,
அட்டவணை இருந்தது.
நண்பகலில் நானூற்று முப்பது.
இருட்டினால் அதே கல்லில்
உறைநிலைக்கு நூற்று அறுபதுக்கும் கீழே.
மூடிக்கொள்ள ஒரு கந்தல்கூட இல்லாதது;
வாங்கியதையெல்லாம்
விடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

வெள்ளி கொடுப்பதில்லை.
மேகத்தைத் துளைத்து உள்ளே வருவதே சொற்பம்,
வந்தது போக வாசல் கிடையாது.
பகலானால் என்ன, இரவானால் என்ன,
ஒரே எண்.

புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவே
நம் வாரத்தில் ஒரு வியாழன் உண்டு.
வானத்தில் யாருமில்லை.
அடுத்தடுத்த வீடுகள்;
ஒன்றின் கதவு எப்போதும் திறந்து,
மற்றதன் கதவு எங்கே என்றே தெரியாமல்.

அர்க்கிப் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ரொட்டியில் பாதியைப் பிட்டு
அவள் பக்கம் தள்ளினான்.
"அழுத்தம்? காற்று? ஒன்றுமே சொல்லவில்லையா?"
"கேட்க முடிந்தது ஒன்றைத்தான்."

காலை ஆறரைக்கு அறைக்கு வந்தாள்.
ராத்திரி யாரோ கொதிகலனைச் சரிசெய்திருக்க வேண்டும்,
குழாய்கள் டக்டக்கென்றன.
புழுக்கம்.
கண்ணாடியில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்தாள்.
ஒட்டிய தாள்களுக்கு இடையே
விடிவெள்ளி.
ஊரே பார்க்க, கூச்சமில்லாமல், பளிச்சென்று.

ஒரு கீற்றையாவது உரிக்கலாம்தான்.
பசை நன்றாகப் பிடித்திருந்தது.
கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
கட்டிலில்
ஒருக்களித்துப் படுத்தாள்.