வேலை செய்யாத ஹெட்செட்

ஜுபைல் பழைய சந்தையில்
ஐந்து ரியாலுக்கு வாங்கினேன்,
செத்துப்போன ஹெட்செட் ஒன்று.
"சார்ஜ் ஏறாது பாய், சத்தமும் வராது."
வரவேண்டாம், காதில் நின்றால் போதும் என்றேன்.

அதற்கு முன்னால்
கேம்ப் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
உதடு அசைய ஒருவன் தனியே வந்தால்
உலகம் ஓர் அடி தள்ளித்தான் உட்காரும்.
கறுப்பாய் ஒரு துண்டைக் காதில் மாட்டியதும்
அதே வாய், அதே பேச்சு,
இப்போது நான் குடும்பஸ்தன்.
ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் பெயர் ஞானதிரவியம்.
இகாமாவில் அது பாதியில் முறிந்து நிற்கிறது.
சூப்பர்வைசருக்கு கியான். கேட்டில் நிற்பவருக்கு முஹம்மத்.
ஸ்டோரில் நாலு ஏழு ஒன்று இரண்டு.
மனைவிக்கு "இங்க பாருங்க".
முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட
இந்தக் கரையில் ஒரே ஒரு ஆள்.

ஏலே ஞானதிரவியம், என்கிறான் அவன்,
கையுறை?
போட்டாச்சு.
பிரேக்கர்?
இறக்கியாச்சு.
பூட்டு?
மாட்டியாச்சு, சாவி சட்டைப்பையில்.
செத்தாச்சா?
டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான்
இதற்குப் பதில் சொல்லலாம்:
செத்தாச்சு.

ஹெல்பர் ஜர்வலி கான்
முதல் வாரம் முழுக்க என்னைப் பார்த்து
அஸ்தஃபிருல்லா சொன்னான்.
மூன்றாம் மாதம் ஏணி உச்சியில் அவன் முனகுவது கேட்டது,
"சேத்தாச்சா... சேத்தாச்சு."
அர்த்தம் கேட்டான். சொன்னேன்.
அன்றிலிருந்து இன்னும் பலமாகச் சொல்கிறான்.

ஜூலையில் ஒருநாள் பம்ப் ஹவுஸ் பேனல்.
சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிடும் அவசரம்.
செத்தாச்சா என்று கேட்டான்.
பதில் வாய்க்கு வரவில்லை.
டெஸ்டரை நான் எடுக்கவே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
வைத்தேன்.
எரிந்தது.
பின்பக்கத்தில் யாரோ ஜெனரேட்டரை இணைத்து
ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணி குடிலே, என்றான்.
குடித்தேன்.

மற்றபடி சின்னச் சின்ன உபகாரங்கள்.
சாவி சாவி சாவி என்று சொல்லிக்கொண்டே தேடினால்
கண் வேறெங்கும் மேயாது,
சோப்பு டப்பாவுக்குள் கிடைத்துவிடும்.
ஃபோர்மேனிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வியையும்
மொட்டைமாடி ஏசி யூனிட்டிடம் கேட்டுவிட்டு இறங்கினால்
ஃபோர்மேனுக்கு "யெஸ் சார்" மட்டும்தான் மிச்சமிருக்கும்.

போன வியாழன் இரவு
கடலோர சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து
ஒத்திகை பார்த்தேன்:
"மரியபுஷ்பம், காண்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டிட்டாங்க."
முதல் தடவை குரல் பிசிறியது.
இரண்டாம் தடவை கோபமாய் வந்தது.
யார் மேலலே கோபம், என்றான். தெரியவில்லை.
ஆறோ ஏழோ தடவை சொன்ன பிறகு
"நீட்டிட்டாங்க" என்ற சொல் மட்டும்
கல் அரிசி போல் பல்லில் இடறியது.
யாரும் நீட்டவில்லை.
ஆபீசுக்குப் போய் கேட்டு வாங்கியவன் நான்.
மனசுக்குள் வைத்திருந்தவரை
அது எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் போன் போட்டு
உள்ளபடியே சொன்னேன்.
அந்தப் பக்கம் மிக்சி நின்றது.
"தெரியும்," என்றாள்.
"அடுப்படியில நானும் ரெண்டு நாளா
'சரி'ன்னு சொல்லிச் சொல்லிப் பாக்கேன்.
இன்னும் வாய்ல வரல."

போனை வைத்துவிட்டு
ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.
கூடவே வருகிறவன்
வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை.
கடலில் நிற்கும் கப்பல்களின் விளக்கை
அவனும் எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.
கேம்ப் பஸ் திரும்பும் வெளிச்சம் தெரிந்ததும்தான்
வாயைத் திறந்தான்:
ஏலே ஞானதிரவியம்,
ரூம் சாவி எங்கலே?