பதினோராவது ஸ்லைடு

களியக்காவிளை பஸ்ஸில், தக்கலை தாண்டும்போது
மடியில் லேப்டாப்பைத் திறந்து
நான்தான் அழித்தேன்.
பார்வதிபுரம் பாலம் ஏறும்போதே
விபின் தொடங்கிவிட்டான்:
"ஜெயிச்சத மட்டும் காட்டினா போதும், ஷைனியக்கா.
தோத்தத எவன் ரூவா குடுத்துக் கேப்பான்?"

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே
மழை விழாத ஒரு துண்டு சாலை.
அதை ஒட்டிய மாடியில் லீலாபாயின் அலுவலகம்,
கீழே நேந்திரங்காய் சீவுகிற மெஷின்.
பேசப்பேச என் வாயில்
தேங்காயெண்ணெய் வாசம் ஏறியது.

காட்டினேன்:
தேன் பாட்டிலுக்கு நாங்கள் வரைந்த லேபிள்,
குளச்சல் கருவாட்டுக்கு மணம் கசியாத பை,
விற்பனை நாற்பது சதவீதம் ஏறிய பச்சைக்கோடு.
எல்லாக் கோடும் மேலே போகிற கம்பெனி
ஏன் இன்னும் வாடகை பாக்கியில் இருக்கிறது
என்று அவர் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பத்து கழிஞ்சா பன்னெண்டா, பிள்ளே?"

கையால் போட்ட எண்கள்.
மாற்ற மறந்திருக்கிறேன்.

"போன சரக்கெல்லாம் பாத்தாச்சு.
திரும்பி வந்தது எங்க?"

விபின் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், மூடினான்.

கருங்கல் அச்சுமுறுக்கு, என்றேன்.
ஐப்பசி மழைக்கு முந்தின வாரம்
நாலாயிரம் பாக்கெட்.
பையின் நிறம் நான் தேர்ந்தது. அழகாகத்தான் இருந்தது.
ஓரத்துச் சீலில் நூலளவு இடைவெளி.
மொறுமொறுப்பைச் சோதித்தது
ஏசி அறையில், ஒரு வெயில் நாளில்.
கடைக்காரர்கள் மூட்டையாய்த் திருப்பினார்கள்,
உடைத்தால் சத்தமே வராத முறுக்கு.
நஷ்டத்தில் பாதி கொடுத்தோம்.
பாதிதான்.
மீதிக்கு அவர் கூப்பிட்ட நாட்களில்
நான் மீட்டிங்கில் இருந்தேன்,
மீட்டிங் இல்லாத நாட்களிலும்.

சொல்லச்சொல்ல
ஸ்லைடில் இருந்ததைவிட நீளமாய்ப் போயிற்று.
அதில் "கற்ற பாடங்கள்" என்று
மூன்று புள்ளி வைத்திருந்தேன்.
ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அந்த ஆளுக்க நம்பர் இருக்கா?"

இருந்தது.
வில்பிரட் என்ற பெயரில் இல்லை.
ஒன்றரை வருடமாய் என் போனில் அவர்
"எடுக்காதே".

மேசைமேல் வைத்துத் தள்ளினேன்.
லீலாபாய் திரையைப் படித்தார்,
என்னைப் பார்த்தார்,
ஸ்பீக்கரைப் போட்டார்.
கீழே மெஷின் நின்றது. கரண்டு போயிருக்க வேண்டும்.

இரண்டாவது ரிங்கிலேயே
எடுத்துவிட்டார் அவர்.